விட்டுப்போன பத்தி

சலூன் நாற்காலியில் தலையைச் சாய்த்துக் கிடக்கிறார் மருந்துக்கடைக்காரர். கன்னம் முழுக்கச் சோப்பு நுரை, தொண்டையில் சவரக்கத்தி. எதிர்க் கண்ணாடியில் வெயில் பளீரென்று அடிக்கிறது. பின்னால் பெஞ்சில் முறைக்குக் காத்திருக்கும் பஸ் டிரைவர் பத்திரிகையை விரிப்பது அதில் தெரிகிறது. "பஸ் ஸ்டாப்புல ஒரு பெஞ்சு போடக்கூடாதான்னு எவனோ எழுதியிருக்கான், கேளுப்பா" என்று சலூன்காரரிடம் சொல்லிவிட்டு, டிரைவர் உரக்கப் படிக்கத் தொடங்குகிறார். மருந்துக்கடைக்காரருக்கு மயிர்க்கூச்செறிகிறது. அந்த எவனோ அவர்தான். கடையில் ஈ ஓட்டும் மதியங்களில், மாத்திரை அட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதியது அது. முதல் பத்தியை டிரைவர் ஏற்ற இறக்கத்தோடு படிக்கிறார். "அடுத்தது என்னமோ வளவளன்னு போகுது, விட்ருவோம்" என்று கடைசிப் பத்திக்குத் தாவுகிறார். ஐயோ, விட்டுப்போன அந்த நடுப் பத்தியைத்தானே அவர் வாரக்கணக்கில் செதுக்கினார்! மருந்துக்கடைக்காரர் எகிறப் பார்க்கிறார். "அசையாதீங்க சார், கழுத்து போயிடும்" என்கிறார் சலூன்காரர். படித்து முடித்த டிரைவர் பத்திரிகையை மடியில் இறக்குகிறார். "இத்தனை வருஷமா அந்த ஸ்டாப்புல வண்டிய நிறுத்தறேன். நான் உட்கார்ந்தே ஓட்டறவன் இல்லையா, நிக்கறவங்களுக்குக் கால் வலிக்கும்னு தோணவே இல்லப்பா. எழுதினவன் நல்லா இருக்கணும்" என்கிறார். கத்தி விலகுகிறது. நுரை வழிய நிமிர்ந்து உட்கார்ந்து, அது நான்தான் என்று சொல்ல வாயைத் திறக்கிறார் மருந்துக்கடைக்காரர். "அண்ணே, அந்த நடுப் பத்தியையும் ஒரு தடவ படிச்சிருங்களேன்" என்றுதான் வருகிறது.