நடுவழியில் நிற்காத வண்டி

"நடுவழியில நின்னுடாதே?" என்று மூன்றாவது தடவையாகக் கேட்டார் கணவர்.

"இன்ஜின் தங்கம் சார். பெட்ரோலும் கம்மியாத்தான் குடிக்கும்" என்றார் பழைய கார் விற்பவர்.

மனைவி சிரித்தாள். "நம்ம ஓட்டை வண்டியையே தள்ளித் தள்ளி ஓட்டினவர், இப்ப என்ன திடீர்னு பயம்?"

"ஓட்டிப் பாருங்க சார்" என்று விற்பவர் நீட்டிய சாவியை, கணவர் வாங்கி மனைவியின் கையில் வைத்தார்.

"நானா? லைசென்ஸ் எடுத்ததோட சரி, ஸ்டியரிங்கைத் தொட விட்டீங்களா?"

"என் பார்வை மங்கிட்டே வருதாம். இனிமே ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். நீ தனியா ரோட்டுல திண்டாடக் கூடாதில்ல?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். "பக்கத்துல இருந்து கத்தக் கூடாது!"

"கத்தவே மாட்டேன்" என்றவர், வண்டி நகருமுன்பே அலறினார்: "மெதுவா, மெதுவா!"