டாக்டரின் சிபாரிசு

இந்திய மருத்துவப் பட்டங்களை ஏற்கும் ஒப்பந்தம் அடுத்த வாரம் கியூபெக் சட்டமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வருகிறது. தயங்கிக்கொண்டிருந்த பெண் உறுப்பினர் ஒருவரைச் சம்மதிக்கவைக்கும் பொறுப்பைத் தூதரகம் டாக்டர் நாகசுப்பிரமணியனிடம் விட்டிருந்தது. அதே மாகாணத்தின் புரோசார்ட் நகரில் முப்பது வருடமாக டாக்டர். அவரைப் பார்க்க நோயாளிகள் நான்கு மாதம் காத்திருக்கிறார்கள்.

வீட்டு விருந்துக்கு அம்ருதாவையும் வரச் சொல்லியிருந்தார். அவள் சென்னையில் டாக்டர். இங்கே ஆஸ்பத்திரியில் படுக்கை மாற்றுகிறாள்.

"நீ வாயே திறக்க வேண்டாம்மா. பாவமா உக்காரு, போதும். அந்தம்மாகிட்ட பிரெஞ்சுல சொன்னாத்தான் ஏறும். நான் பாத்துக்கறேன்."

பாவமாக உட்கார்ந்தாள். டாக்டர் நெய் மின்னும் விரல்களால் அவள் தோளைத் தட்டித் தட்டி, பிரெஞ்சில் உருக்கமாகப் பேசினார். உறுப்பினர் அவளை இரக்கத்தோடு பார்த்துத் தலையசைத்தார். அம்ருதா பாதி குடித்த பாயசத்தைக் கீழே வைத்தாள்.

"என்ன சொன்னீங்க, அங்கிள்?"

"உன் கஷ்டத்தைத்தான். கண் கலங்கிட்டாங்க, பாத்தியா? அடுத்த வருஷம் நீ ஸ்டெத் மாட்டிக்கலாம்."

"தேங்க்ஸ், அங்கிள்."

உறுப்பினர் வாசலில் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார். அம்ருதா அருகில் போய், மூன்று வருட வார்டு வேலையில் படிந்த பிரெஞ்சில் சொன்னாள்:

"மேடம், இந்தியாவில் படித்தவர்களை நம்பி ஓர் ஊசிகூடப் போடவிட முடியாது, ஒப்பந்தத்தைத் தோற்கடியுங்கள் என்று டாக்டர் உங்களிடம் கேட்டுக்கொண்டார். ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார். அவரும் நானும் படித்தது ஒரே கல்லூரியில்."