கூட்டாமல், குறைக்காமல்

2025 மே 17, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, புக்கிட் மேராவில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இருந்த குடும்ப ஆலோசனை நிலையத்தில், நூர்தீன், ஃபஸீலா தம்பதிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது.

நூர்தீனுக்கு ஐம்பத்து நான்கு வயது. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். சாட்சிகள் தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் நீதிபதியிடம் சேர்ப்பது இருபத்தாறு ஆண்டுகளாக அவர் வேலை.

பெருநாள் முடிந்த வாரத்தில் ஃபஸீலா, ஜூன் விடுமுறைக்குச் செங்காங்கில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகப்போவதாகச் சொன்னார். திரும்பி வருவதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மகன் அதீஃப்தான் இருவரையும் இங்கே அனுப்பிவைத்தான்.

ஆலோசகர் ரோஹானா, மலாய்க்காரர், ஆங்கிலத்தில் முறையை விளக்கினார். ஒருவர் பத்து நிமிடம் பேசுவார். மற்றவர் குறுக்கிடக் கூடாது. கடைசியில் ஒரு படிவம். அதில் இருவரில் ஒருவர் அடுத்த சந்திப்பு வேண்டாம் என்று குறித்தாலும் கோப்பு மூடப்படும்.

"நான் தமிழ்லதான் பேசுவேன்," என்றார் ஃபஸீலா.

நூர்தீன் திரும்பிப் பார்த்தார்.

அதை நூர்தீன் ரோஹானாவிடம் ஆங்கிலத்தில் சொல்ல, தமிழ் பேசும் ஆலோசகர் வேண்டுமென்றால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும் என்றார் ரோஹானா.

"எதுக்கு லா மூணு வாரம்? அதீஃப் அத்தா இருக்காங்களே. ஊர்ல உள்ள திருடன் சொல்றதையெல்லாம் ஒரு வார்த்தை விடாம சொல்றவங்க, பொண்டாட்டி சொல்றதைச் சொல்ல மாட்டாங்களா?" என்றார் ஃபஸீலா, கணவரைக் காட்டி.

நூர்தீன் அதையும் ஆங்கிலத்தில் சொன்னார். திருடன் என்பதை மட்டும் 'குற்றஞ்சாட்டப்பட்டவர்' என்று மாற்றினார்.

"திருடன்னு சொன்னேன்."

"திருடன்," என்று திருத்தினார் நூர்தீன்.

வேலையில் விதிகள் உண்டு. சாட்சி சொல்வதில் எதையும் கூட்டக் கூடாது, எதையும் குறைக்கக் கூடாது. சாட்சி 'நான்' என்றால் மொழிபெயர்ப்பாளரும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். சாட்சியிடம் தன் கேள்வி எதையும் கேட்கக் கூடாது. நூர்தீன் நாற்காலியை மனைவியின் பக்கமாக, அரை அடி பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பழக்கம்.

ஃபஸீலா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

முதலில் சின்ன விஷயங்கள். 'வீட்டுக்கு வந்தா காதுக்கு லீவு' என்று கணவர் சொல்வது அதில் ஒன்று. நூர்தீன் இருபது ஆண்டுகளாகச் சொல்லிவரும் நகைச்சுவை அது. ஃபேரர் பார்க்கில் நண்பர்களோடு தே தாரிக் குடிக்கும்போதெல்லாம் எடுபட்டிருக்கிறது. இப்போது ஆங்கிலத்தில் சொன்னார். ரோஹானா சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார்.

"போன ஆகஸ்ட்ல, மார்ல ஒரு கட்டி இருக்குன்னு சொன்னாங்க."

"அவருக்கு..." என்று தொடங்கினார் நூர்தீன்.

"நான்னு சொல்லுங்க," என்றார் ஃபஸீலா.

"போன ஆகஸ்ட்டில், என் மார்பில் ஒரு கட்டி இருப்பதாகச் சொன்னார்கள்," என்றார் நூர்தீன்.

அதன் பிறகு, ஃபஸீலா சொல்லச் சொல்ல, தடுமாறாமல் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தார். செவ்வாய்க்கிழமை சாப்பிடும்போது என் கணவரிடம் சொன்னேன். 'ம்' என்றார். சார்ஜர் எங்கே என்று கேட்டார். வியாழக்கிழமை நான் தனியாகப் போனேன். ஊசி குத்திச் சதை எடுத்தார்கள். முடிவு வர ஒன்பது நாள் ஆகும் என்றார்கள்.

எந்த மருத்துவமனை என்று கேட்க நூர்தீன் வாயெடுத்தார். கேட்கக் கூடாது. அந்த வாரம் பெரிய வழக்கு, ஒரே சாட்சி ஐந்து நாள் பேசினான் என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. கூட்டக் கூடாது. அந்தச் சாட்சி சொன்ன லாரியின் எண் நூர்தீனுக்கு இன்னும் நினைவில் இருந்தது.

"அந்த ஒன்பது நாளும் பக்கத்துலதான் படுத்திருந்தாங்க," என்றார் ஃபஸீலா.

"அந்த ஒன்பது நாளும்..." என்றார் நூர்தீன்.

ரோஹானா ஒரு கோப்பைத் தண்ணீரை ஃபஸீலாவின் முன் வைத்தார். ஃபஸீலா அதைக் கணவர் பக்கம் நகர்த்தினார்.

நூர்தீன் குடித்துவிட்டு வாக்கியத்தை முடித்தார். மிச்சத்தையும் சொன்னார். ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. அதையும் என் கணவரிடம் சொன்னேன். அதற்கும் 'ம்' என்றார்.

பத்து நிமிடம் முடிந்தது. இப்போது நீங்கள் பேசலாம் என்று நூர்தீனிடம் சொன்னார் ரோஹானா.

விதிகளின்படி மொழிபெயர்ப்பாளர் சாட்சியிடம் கேட்டுக்கொள்ளக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அதை நூர்தீன் கேட்டார்.

"ஃபஸீலா, ஆகஸ்ட்லேருந்து இன்னொரு தடவை சொல்றியா?"

ஃபஸீலா மறுபடி சொன்னார். இந்த முறை நீளமாகச் சொன்னார். நூர்தீன் மொழிபெயர்க்கவில்லை. ரோஹானாவும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முடியும் வரை காத்திருந்தார்.

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது படிவங்கள் வந்தன. நூர்தீன் தன்னுடையதில் அடுத்த சந்திப்பு வேண்டும் என்று குறித்துவிட்டுப் பக்கத்தில் பார்த்தார். ஃபஸீலா யாரிடமும் எதுவும் கேட்காமல், அடித்தல் திருத்தல் இல்லாமல், ஆங்கிலத்தில் நிரப்பிக் கொடுத்தார்.

ரோஹானா அதைப் படித்தார். பாதியில் நிமிர்ந்து ஃபஸீலாவைப் பார்த்தார். பிறகு மீண்டும் படித்தார்.

தொழில்: ஆசிரியர், உயர்நிலைப் பள்ளி. கற்பிக்கும் பாடம்: ஆங்கிலம், இருபத்திரண்டு ஆண்டுகள்.

அடுத்த சந்திப்பு: வேண்டும். மே 31, சனிக்கிழமை, காலை பத்து மணி.

பேச விரும்பும் மொழி: தமிழ்.

மொழிபெயர்ப்பாளர்: கணவர்.