தேய்க்காத கார்டு

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து மனைவியை வெளிநாட்டுக்குக் கூட்டி வந்த ஆடிட்டர், வந்த நாளிலிருந்து கார்டை வெளியே எடுக்கவே இல்லை. காப்பிக்குக்கூடச் சில்லறையைப் பொறுக்கித்தான் கொடுத்தார்.

"வெளிநாட்டுல கார்டைத் தேய்ச்சா நூத்துக்கு மூணரை ரூபா பேங்க்காரன் பிடுங்கிடுவாம்மா."

"உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு உண்டியலைக் கட்டிக்கிட்டிருக்கலாம்" என்றாள் மனைவி. ஊரார் அவரைக் கஞ்சன் என்றபோதெல்லாம் மல்லுக்கு நின்றவள்தான். இப்போது அவளுக்கே சந்தேகம் தட்டிவிட்டது.

அன்று மழையில் அவள் செருப்பு அறுந்தது. செருப்புக் கடையில் ஆடிட்டர் பையைத் துழாவினார். பணம் போதவில்லை.

"பணம் மாத்திட்டு வந்துடறேன், இங்கேயே உட்காரு."

"இந்த மழையிலயா? உங்க மூணரை ரூபாயை நானே தர்றேன்!"

அவர் பர்சிலிருந்து கார்டை உருவி, "ஐயோ, வேணாம்!" என்று அவர் பாய்வதற்குள் தேய்த்தும் விட்டாள்.

கடை வாசலைத் தாண்டவில்லை, அவர் போன் அலறியது. அவருடைய அக்கா. பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்கிற குரல்.

"ஏன்டா, வெளியூர்ல ஆடிட்டுன்னுதானே சொல்லிட்டுப் போனே? பேங்க்ல நீ கொடுத்திருக்கறது என் நம்பர், உன் கார்டு மெசேஜெல்லாம் என் போனுக்குத்தான் வரும், மறந்துட்டியா? ஏதோ வெளிநாட்டுச் செருப்புக் கடையாமே! நாங்க அஞ்சு பேரும் கூட வர்றோம்னதும் டூரையே கேன்சல் பண்ணிட்டேன்னியே!"

ஆடிட்டர் போனைப் பொத்திக்கொண்டு மனைவியைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தார்.

"ஒரு தடவையாவது நாம ரெண்டு பேரு மட்டும்..."

அவள் முகம் சிவந்துவிட்டது.

"இனி அக்காவுக்கும் ஒரு ஜோடி எடுத்தாத்தான் ஊருக்குள்ள நுழைய முடியும்" என்று முனகினார்.

"எடுங்க" என்று அவர் கையைக் கோத்துக்கொண்டாள். "கார்டுலயே எடுங்க. இனிமே யாருக்குப் பயம்?"