வலது பக்கம் திருப்பு

எலுமிச்சம்பழம் நசுங்குச்சு. நல்ல காரியமாச்சேன்னு மகிழன் ஸ்டீரிங்கை வலது பக்கம் ஒடிச்சான்.

கார் இடது பக்கம் போச்சு.

நேரா போய் கறிவேப்பிலைத் தொட்டியை முட்டி நின்னுச்சு. அமெரிக்காவுல பிளானோ ஊர்க் குளிர் தாங்காதுன்னு வருஷா வருஷம் வீட்டுக்குள்ள தூக்கி வெச்சு, அவன் பொண்டாட்டி வெண்பா கைக்குழந்தை மாதிரி வளர்த்த செடி. தொட்டி ரெண்டா பிளந்துடுச்சு.

பக்கத்துல நின்ன சுஹாஸுக்கு சிரிப்பை அடக்க முடியல.

"ஸ்டீரிங் ரேக்கைத் தலைகீழா மாட்டியிருக்கேடா, அதான் சக்கரம் உல்டாவா திரும்புது," ன்னான். வேணும் இவனுக்குன்னு மனசுக்குள்ள ஒரு குஷி வேற.

பின்ன என்ன? அறுபத்தெட்டாம் வருஷத்து மசில் கார், பெரிய இன்ஜின் வெச்ச முரட்டு வண்டி. போல்ட் நட்டு வரைக்கும் ஒரிஜினல். சுஹாஸ் சன்னிவேல்ல இருந்து மாறி வந்து ஆறு மாசம்தான் ஆச்சு, இந்தக் காரைப் பார்த்துதான் மகிழன்கிட்டயே ஃப்ரெண்ட் ஆனான். அப்படிப்பட்ட வண்டியில முன்பக்க சஸ்பென்ஷனை மொத்தமா கழட்டி வீசிட்டு, பவர் ஸ்டீரிங் மாட்டறானாம். இதுக்கு பேசாம ஒரு மினிவேன் வாங்கித் தொலைச்சிருக்கலாம்னு சுஹாஸ் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துட்டான்.

அதுவும் இன்னிக்குன்னு பார்த்து. வெண்பாவுக்கு பிறந்த நாள். வெளிய எங்கயாவது கூட்டிட்டுப் போவோம்னு இல்லாம, காலைல இருந்து காருக்கடியில கிடக்கான்.

சத்தம் கேட்டு வெண்பா வந்தா. உடைஞ்ச தொட்டியைப் பார்த்தா. செடிக்கு ஒண்ணும் ஆகலை, வேற தொட்டி பார்த்துக்கலாம்னு சொல்லிட்டு உள்ள போய் காபி எடுத்துட்டு வந்தா. இடது கையில ஒரு டம்ளர். மறுபடி போய் இன்னொண்ணு.

ரெண்டு நடை நடக்கறா, எழுந்து போய் ஒரு டம்ளரை வாங்கணும்னு தோணுதா பாரு இந்த மனுஷனுக்குன்னு சுஹாஸுக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

"நீயே சொல்லும்மா. மசில் கார்னா, திருப்பறப்ப தோள் கழண்டு விழணும். ஒரு விரல்ல திருப்பறதெல்லாம் சோம்பேறிங்களுக்கு."

வெண்பா டம்ளரை அவன் கையில குடுத்தா.

"நீங்க வந்த காரு, நீங்க ஸ்டீரிங்கைத் தொடாமலே தானா ஓடி வந்துச்சுங்ண்ணா," ன்னு சிரிச்சுட்டு உள்ள போயிட்டா.

மகிழன் என்னமோ சொல்ல வாயெடுத்தான். அப்புறம் ஸ்பானரைத் தேட ஆரம்பிச்சுட்டான்.

"பொழுது சாயறதுக்குள்ள ஓடணும்டா. கை குடு."

என்ன அவசரமோ. திட்டிக்கிட்டே சுஹாஸும் காருக்கடியில பூந்தான். ரேக்கைக் கழட்டி, புரட்டி, மறுபடி மாட்டி வெளிய வர்றப்போ ரெண்டு பேர் மூஞ்சியிலயும் கிரீஸ்.

மகிழன் டயருக்கடியில புது எலுமிச்சம்பழம் வெச்சான். கையைத் துடைச்சுட்டு வெண்பாவைக் கூப்பிட்டான்.

ஓஹோ, பர்த்டேக்கு ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறானாக்கும், அந்த மட்டும் புத்தி வந்துச்சேன்னு நினைச்ச சுஹாஸ், அவளுக்காக பாசஞ்சர் சைடு கதவைத் திறந்து விட்டான்.

வெண்பா அவனைத் தாண்டி, காரைச் சுத்திக்கிட்டு அந்தப் பக்கம் போனா. டிரைவர் சீட்ல உக்காந்தா.

"வண்டி அவளோடதுடா," ன்னான் மகிழன். "கல்யாணத்துக்கு முன்னாடியே வாங்கினது. வலது தோள்ல ஆபரேஷன் பண்ணதுல இருந்து பழைய ஸ்டீரிங்கை அசைக்க முடியல. உள்ள உக்காந்து ஒரு தடவை ஹார்ன் அடிச்சுட்டு இறங்கிடுவா. அதைப் பார்க்க முடியலடா."

சுஹாஸ் திறந்த கதவைப் பிடிச்சபடியே நின்னான். மகிழன் அது வழியா ஏறி உக்காந்து, அவன் கையில இருந்த கதவை மெதுவா இழுத்துச் சாத்திக்கிட்டான்.

எலுமிச்சம்பழம் நசுங்குச்சு. வெண்பா வலது கையால மட்டும் ஸ்டீரிங்கை வலது பக்கம் திருப்பினா. கார் வலது பக்கம் போச்சு.

தெருமுனை வரைக்கும் போய் ஒரு வட்டம் அடிச்சு வந்து, சுஹாஸ் பக்கத்துல நிறுத்தி கண்ணாடியை இறக்கினா.

"தோள் கழண்டு விழலைங்ண்ணா."