வட்டத்துக்கு நடுவில்

"மைக்கை ஒருக்கா கையில குடுத்தா என்ன, தேஞ்சா போயிரும்?"

கோகிலவாணி பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த வெங்கடலட்சுமியிடம்தான் கேட்டாள். ஆனால், கேட்க வேண்டியவளுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே கேட்டாள்.

வட்டத்துக்கு நடுவில் மைக்கோடு நின்ற நாச்சியம்மாள், காதில் விழாதவள் போல அடுத்த அடியைப் பாடினாள்.

தொண்டாமுத்தூர்ப் பக்கம், மாரியம்மன் கோயில் மைதானம். சாயங்காலமானால் வள்ளி கும்மிப் பயிற்சி. நடுவில் ஒருத்தி பாட, சுற்றி நிற்கும் பெண்கள் கைதட்டி ஆடுவார்கள். கோயில் நோம்பித் திருவிழாவில் அரங்கேற்றம்.

கோகிலவாணிக்கு நல்ல குரல். பள்ளிக்கூடத்தில் கடவுள் வாழ்த்து அவள்தான் பாடுவாள். நாச்சியம்மாளும் அதே வகுப்புதான்; அப்போதெல்லாம் பின்னால் நின்று வாயசைத்தவள். அவள் இப்போது நடுவில் நிற்க, தான் சுற்றி வந்து கைதட்டுவதா?

வீட்டில் சமைக்கும்போது கரண்டியை மைக்காகப் பிடித்துக்கொண்டு எல்லாப் பாட்டையும் பாடிப் பார்ப்பாள். கண்ணை மூடினால் வட்டத்துக்கு நடுவில் நிற்பாள். திறந்தால் எதிரே சாம்பார் கொதிக்கும்.

ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டாள்.

"நாச்சி, எனக்குப் பாட்டெல்லாம் மனப்பாடம்."

"தெரியும் கோகிலா. காலுக்கும் பாடமாகட்டும்."

"பாடறதுக்குக் கால் எதுக்கு?"

நாச்சியம்மாள் மைக்கை நீட்டினாள். "சரி, பாடு."

கோகிலவாணி கண்ணை மூடிப் பாடினாள். குரல் தென்னந்தோப்பைத் தாண்டிப் போயிற்று. ரோட்டில் போன பைக்குகள் நின்றன.

கண்ணைத் திறந்தபோது வட்டத்தைக் காணோம். ஒருத்தி மேல் ஒருத்தி மோதிக்கொண்டு நின்றார்கள். வெங்கடலட்சுமி முட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க அம்மணி, பாட்டுப் பாடுனீங்களா, கடைசி பஸ்ஸைப் புடிக்க ஓடுனீங்களா?" என்றாள் வெங்கடலட்சுமி.

எல்லோரும் சிரித்தார்கள். நாச்சியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

"நீ வெங்கடலட்சுமி அக்கா பக்கத்துலயே நின்னு ஆடு கோகிலா. அவங்க கால் எறங்கறப்பத்தான் உன் காலும் எறங்கோணும்."

பொறாமை. வேறென்ன? தன் குரலைக் கேட்டுப் பயந்துவிட்டாள். அதனால்தான் முட்டிவலிக்காரிக்குத் துணையாக நிறுத்துகிறாள். கோகிலவாணி மறுநாள் பயிற்சிக்குப் போகவில்லை.

அன்று கரண்டியைப் பிடித்துப் பாடியபோது, சும்மா அடியும் எடுத்து வைத்துப் பார்த்தாள். பாட்டின் இரண்டாம் அடியிலேயே மூச்சு வாங்கியது. மூன்றாவதில் பாட்டு ஒரு பக்கம் போயிற்று, கால் ஒரு பக்கம் போயிற்று. கரண்டியைக் கீழே வைத்தாள்.

அடுத்த நாள் வெங்கடலட்சுமி பக்கத்தில் போய் நின்றாள்.

"வாங்க அம்மணி. இன்னைக்கு பஸ் மெதுவாத்தான் போகுமுங்க."

நாளாக நாளாகச் சில விஷயங்கள் தெரிந்தன. திரும்பும் இடத்தில் அக்காவின் முட்டி கொஞ்சம் தயங்கும். குனிந்து நிமிர்ந்தால் மூச்சுக்கு ஓர் இடம் வேண்டும். நாச்சியம்மாளின் பாட்டு சரியாக அங்கெல்லாம் நின்று, பிறகு நகர்ந்தது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. பாடும்போது நாச்சியம்மாளின் கால் சேலைக்கடியில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. அவள் பையில் ஒரு ஜோடி சலங்கை. கட்டி ஒருநாளும் பார்த்ததில்லை. 'பாடறவளுக்கு எதுக்குச் சலங்கை? எல்லாம் பந்தா' என்று நினைத்துக்கொண்டாள்.

கோகிலவாணி அதற்குப் பிறகு மைக்கைக் கேட்கவில்லை. ஆசை போய்விடவில்லை. நடுவிலிருந்து பாட்டு எழும்பும்போதெல்லாம் உதடு தானாக அசையும். இறுக மூடிக்கொண்டு கைதட்டினாள்.

அரங்கேற்ற நாள். மைதானம் முழுக்க வெளிச்சம், ஊர் ஜனம். எல்லோருக்கும் ஒரே நிறச் சேலை. குனிய முடியாத வெங்கடலட்சுமிக்குச் சலங்கை கட்டிவிட்டு, கோகிலவாணி தன் இடத்தில் போய் நின்றாள்.

"கோகிலா, இங்க வா."

நாச்சியம்மாள் அவள் கையில் மைக்கை வைத்தாள். "நீ பாடு."

எத்தனை நாள் ஏங்கிய மைக். ஆனால், கோகிலவாணியின் வாயில் முதலில் வந்தது வேறு.

"அப்ப அக்கா பக்கத்துல யாரு நிப்பாங்க?"

நாச்சியம்மாள் சிரித்தாள். "இதை நீ கேக்கோணும்னுதான் காத்துட்டிருந்தேன்."

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து, பையிலிருந்த சலங்கையை எடுத்துக் கட்டத் தொடங்கினாள்.

"நாச்சி, நீயா?"

"ஆடறதுக்குத்தான்டி நான் இங்க வந்து சேர்ந்ததே. பாட்டுத் தெரியுதுன்னு நடுவுல நிறுத்திப்போட்டாங்க. மைக்கை ஒருத்தி கையில குடுத்துப்போட்டு வட்டத்துக்கு ஓடோணும்னு நோம்பிக்கு நோம்பி ஆள் தேடிட்டிருந்தேன்."

முடிச்சை இறுக்கிவிட்டு எழுந்தவள், வெங்கடலட்சுமியின் பக்கத்தில் போய் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"மெதுவாப் பாடு கோகிலா. எனக்கு இதுதான் அரங்கேற்றம்."