ரேகை இல்லாத விரல்கள்

சென்ற செவ்வாய்க்கிழமை நான் நானூறு பேரைக் கொன்றுவிட்டேன். அரசு மருத்துவமனை மென்பொருளில் ‘கைரேகை பதியாதவர் இறந்தவர்’ என்று எழுதிய மேதை நான்தான். அரசு மென்பொருளைத் தமிழிலேயே எழுத வேண்டும், யாரும் படித்துத் திருத்தலாம் என்பது சட்டம். அதனால் அந்த வரிக்குப் பக்கத்தில் என் பெயரும் பளிச்சென்று இருந்தது.

இன்று மாலை நாலரைக்கு உப்பளத்துப் பெண் தொழிலாளி சண்முகக்கனி என் மேசைக்கே வந்துவிட்டார். உப்பு அரித்து ரேகை தேய்ந்த பத்து விரல்களையும் விரித்துக் காட்டினார்.

“செத்தவளுக்குக் கண் ஆபரேஷன் கிடையாதாம்லா! நாளைக்கு உள்ள லிஸ்ட்ட அஞ்சு மணிக்கு மூடிருவாவ. நாங்களே திருத்தி அனுப்பிட்டோம். நீங்க ஒத்துக்கிட்டாப் போதும்.”

திறந்து பார்த்தேன். ‘ரேகை பதியாவிட்டால், நர்ஸ் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.’ இத்தனை படித்தும் எனக்குத் தோன்றாத வரி! உடனே ஒப்புதலை அழுத்தினேன். நாலு ஐம்பத்திரண்டுக்குப் பட்டியலில் அவர் பெயர் ஏறியது. வாசலில் நின்ற உப்பளத்துப் பெண்கள் கைதட்டினார்கள். நானும் வெட்கமில்லாமல் குதித்தேன்.

நான் எழுதியது எப்படி இருக்கிறது என்று எத்தனையோ அதிகாரிகளைக் கேட்டிருக்கிறேன். படிக்காமலே ‘பிரமாதம்’ என்பார்கள். சண்முகக்கனியையும் கேட்டேன்.

“மோசம் தம்பி,” என்றார். “எழுதுறதுக்கு முன்ன அளத்துப் பக்கம் ஒரு நடை வந்திருக்கலாம்லா?”